சிவப்புத் துண்டு

விரல்ல என்னம்மா கட்டு? காய் நறுக்கினியா? தப்பா நெனச்சுக்காத, பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு கேக்காம வந்தா நல்லாருக்காதுல்ல. அந்த வயரக் காதுல இருந்து எடு, அப்பத்தான் நான் பேசுறது கேக்கும். ஆங். கத்தி லேசாப் பட்டதா? அந்தத் துளிக்கா இவ்ளோ பெரிய கட்டு? நாங்கள்லாம் விரல வாயில வச்சு ஒரு சப்பு சப்பிட்டு அடுத்த கத்திரிக்காய எடுத்தவங்க. இப்ப உள்ள பிள்ளைகளுக்கு ஒரு சொட்டு ரத்தத்தப் பாத்தாப் போதும், ஆஸ்பத்திரி, ஊசி, ரெண்டு நாள் லீவு.

எனக்கு ரத்தம்னா பயம் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடுறேன். ஏன்னா, என்னையப் பத்தி சாத்தூர்ல என் தம்பி வீட்டு ஆளுங்க வேற மாதிரி பேசிக்கிட்டுத் திரியுறாங்க. நீ கோவில்பட்டிக்குத்தானே போற? எனக்கும் வீடு அங்கதான். இந்த டிரைவர் ஓட்டுற லட்சணத்துக்கு முக்கா மணி நேரம் ஆகும். நீயே கேட்டுட்டு நியாயத்தச் சொல்லு.

நாளைக்கு என் தம்பி மகளுக்கு வளைகாப்பு. கௌசல்யான்னு பேரு. எனக்குப் பிள்ளை கிடையாது. அவ பிறந்த அன்னிக்கு, கண்ணக்கூட முழுசாத் தொறக்காத பிள்ளைக்கு, நாக்குல சீனித்தண்ணி தொட்டு சேனை வச்சதே நான்தான். அவளுக்குச் சடங்கானப்போ முதல் தண்ணி ஊத்தினது நான். அப்பேர்ப்பட்ட அத்தை நாளைக்கு அவ கையில ரெண்டு வளையல் போடணும்னா அதுக்கு ஒரு கண்டிஷன் போட்டிருக்கா. ‘அத்தை, நீங்க முதல்ல சீனியம்மாவப் போய்ப் பாருங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க. கேக்காம என் கையில வளையல் போட வேணாம்.’ போன்ல சொல்றா. நான் சேனை வச்ச வாய்தான் இதைச் சொல்லுது.

சீனியம்மான்னா யாரோ பெரிய மனுஷின்னு நெனச்சுறாத. காய் நறுக்குறவ. கல்யாண வீட்டுச் சமையலுக்கு மாஸ்டர் கூட்டிட்டு வர்ற நாலு பொம்பளைங்கள்ல ஒருத்தி. அவகிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமாம்.

நடந்ததச் சொல்றேன். போன வருஷம் ஆவணியில கௌசல்யாவுக்குக் கல்யாணம். சாத்தூர்லயே மண்டபம். ஒன்பதுல இருந்து பத்தரை முகூர்த்தம். ஸ்டோர் ரூம் சாவிய என் தம்பி தனுஷ்கோடி என்கிட்டத்தான் குடுத்தான். அவன் பொண்டாட்டிகிட்ட குடுக்கல. ஏன் குடுக்கலன்னா, அவ ஒரு மாதிரி. யாரு கேட்டாலும் அள்ளிக் குடுத்துட்டு அப்புறம் தேங்காய் பத்தலன்னு முழிப்பா. நான் அப்படி இல்ல. என் இடுப்புல சாவி இருந்தா ஒரு வெத்தலை வெளிய போகாது.

மணி எட்டேகால் இருக்கும். காலைப் பந்தி ரெண்டாவது ஓடுது. நான் ஸ்டோர் ரூம் வாசல்ல நின்னு முந்திரிப் பருப்ப அளந்து விடுறேன். அடுப்படிப் பக்கம் இருந்து ஒரு சத்தம். கத்தல்கூட இல்ல, ‘ஆத்தீ’ன்னு மெதுவா ஒரு சத்தம். எட்டிப் பாக்குறேன். இந்த சீனியம்மா அரிவாள்மனையில உக்காந்து, மத்தியானச் சாம்பாருக்குப் பூசணிக்காயப் பிளந்திருக்கா. காய் வழுக்கிருச்சு. கை அப்படியே அரிவாள் மேல போயிருச்சு. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல, உள்பக்கம். பூசணிக்காய் பூரா ரத்தம்.

நாப்பது கல்யாணத்துல காய் நறுக்கினவளாம். ஒரு பூசணிக்காயப் பிடிக்கத் தெரியல. அதுவும் எப்ப? மாப்பிள்ளை அழைப்பு கிளம்பி, மேளச் சத்தம் தெருமுனையில கேக்குற நேரத்துல.

மாஸ்டர் இருக்கான்ல, கருத்தபாண்டின்னு ஒருத்தன், அவன் உடனே தலையில கட்டியிருந்த துணிய அவுத்துக்கிட்டு, ‘ஆட்டோவக் கூப்பிடுறேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்’னு குதிக்கிறான். ‘எந்த வழியாப்பா போவ?’ன்னு கேட்டேன். அந்த மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு கேட்டு உண்டு. அதுல தண்ணி லாரிய கொண்டாந்து நிறுத்தி வச்சுட்டு அந்த டிரைவர் டீக்குடிக்கப் போயிட்டான். மிச்சம் இருக்குறது முன்வாசல் ஒண்ணுதான். அங்க மாப்பிள்ளை மாலையும் கழுத்துமா வந்து நிக்கப் போறாரு. ஆலாத்தி எடுக்க ரெண்டு சுமங்கலிங்க தட்டோட காத்துக்கிட்டு நிக்கிறாங்க. அந்த நேரத்துல எதுக்க ஒருத்தி கையில ரத்தம் சொட்டச் சொட்ட வந்தா என்ன அர்த்தம்? நீ படிச்சவ, உனக்கு இதெல்லாம் சிரிப்பா இருக்கும். எங்க சின்னம்மா மக கல்யாணத்துல இப்படித்தான் வாசல்ல ஒருத்தனுக்கு மண்டை உடைஞ்சுது. ஆறு மாசத்துல அந்தப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வந்துருச்சு. நான் கண்ணால பாத்தவ.

‘மாப்பிள்ளை உள்ள வந்து மணவறையில உக்காரட்டும். அப்புறம் ஆட்டோவுல ஏத்து. அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்’னேன். கருத்தபாண்டி, ‘அம்மா, ரத்தம் ரொம்பப் போகுதும்மா’ங்குறான். ‘ஆமா, நீ பெரிய டாக்டரு. போய் ரசத்துக்குப் பருப்பு வெந்துருச்சான்னு பாரு’ன்னேன். போயிட்டான். அவன் அப்படிப் போயிருக்கக் கூடாதுன்னு இன்னிக்கு என் தம்பி சொல்றான். ஆனா அவனை யாரும் மன்னிப்புக் கேக்கச் சொல்லல. கவனிச்சியா?

அவளை ஸ்டோர் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனேன். என் கையாலதான் கூட்டிட்டுப் போனேன். அரிசி மூட்டையில சாச்சு உக்கார வச்சேன். வைத்தியம் பண்ணலன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது. காபிப்பொடி இருந்துச்சு. கல்யாணத்துக்குன்னு சொல்லி வச்சு அரைச்சது, சிக்கரி குறைச்சலா, முதல் தரம். அதுல ரெண்டு கை அள்ளி காயத்துல அப்பினேன். அது மேல மஞ்சப்பொடி. வேற யாராவதா இருந்தா வேலைக்காரிக்கு அந்தக் காபிப்பொடிய எடுத்திருப்பாங்களா?

அப்புறம் கட்டணும்ல. அங்க வெள்ளைத் துணி எவ்வளவோ இருந்துச்சு. எனக்கு மூளை வேலை செஞ்சுது. வெள்ளையில கட்டினா ஒரு நிமிஷத்துல ஊருக்கே தெரியும். சமையல்காரங்க தோள்ல போடுற சிவப்பு ஈரிழைத் துண்டு ஒண்ணு கொடியில கிடந்துச்சு. அதை எடுத்து நல்லாச் சுத்தினேன். எவ்ளோ ரத்தம் வந்தாலும் அதுல தெரியாது பாரு. யாராவது சட்டுனு உள்ள வந்தாக்கூட, ஏதோ கையில துணி சுத்தியிருக்கான்னு நெனச்சுக்கிட்டுப் போயிருவாங்க. அந்த அவசரத்துல எத்தன பேருக்கு இந்த யோசனை வரும் சொல்லு.

அவளும் சத்தம் போடல. அதைச் சொல்லணும். ‘வலிக்குதா?’ன்னு கேட்டேன். ‘இல்லம்மா’ன்னா. ‘அழுதுகிழுது வைக்காத, நல்ல காரியம் நடக்குது’ன்னேன். தலையாட்டினா. அப்புறம் என்னா, சரியாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு?

நடுவுல நடுவுல துண்டை அவுத்து அவுத்துப் பாத்தேன். கவனிக்காம விட்டேன்னு யாரும் சொல்லிறக் கூடாதுல்ல. ரத்தம் நின்னுருச்சான்னு பாக்குறது, நிக்கலன்னா இன்னும் கொஞ்சம் காபிப்பொடி வைக்கிறது, மறுபடி சுத்துறது. ஒரு ஏழெட்டுத் தடவை பாத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உறைஞ்ச மாதிரி இருக்கும், துண்ட எடுத்த உடனே மறுபடி வரும். இவ ரத்தமும் இவளை மாதிரியே, சொன்ன பேச்சுக் கேக்காது போலன்னு நெனச்சுக்கிட்டேன். சூடா ஒரு காபிகூட கலந்து குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சா. மீதியக் கீழ சிந்திட்டா. தம்ளரப் பிடிக்க முடியலயாம்.

இதுக்கு நடுவுல என்னைய நூறு பேரு கூப்பிடுறாங்க. சந்தனம் எங்க, அட்சதைத் தட்டு எங்க, பன்னீர்ச் செம்பு எங்க. நான் வெளிய போறப்போ கதவச் சாத்தி, கொண்டியப் போட்டுட்டுப் போனேன். ‘பூட்டிட்டுப் போனீங்களாம்’னு கௌசல்யா கேட்டா. பூட்டல. கொண்டிதான். பூட்டுக்கும் கொண்டிக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை டிகிரி படிச்சிருக்கு.

மாப்பிள்ளை வந்தாரு. ஆலாத்தி எடுத்தாங்க. மணவறையில உக்காந்தாரு. இப்ப ஆட்டோவக் கூப்பிடலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். அதுக்குள்ள ஐயர் பொண்ண அழைச்சுட்டு வாங்கன்னுட்டாரு. பொண்ணு கூட அத்தை வர வேணாமா? எத்தன வருஷமா நான் காத்திருந்த நிமிஷம் அது. ஒரு காய் நறுக்குறவளுக்காக அதை விட்டுட்டுப் போகச் சொல்றியா? கௌசல்யா கையப் பிடிச்சு மணவறையில கொண்டு போய் உக்கார வச்சேன். அப்புறம் திரும்பி ஸ்டோர் ரூமுக்கு வந்தேன். வந்து பாத்தா கதவு தொறந்து கிடக்கு.

உள்ள யாரு? சம்பந்தியம்மா. மாப்பிள்ளையோட அம்மா. தங்கபுஷ்பம்னு பேரு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர்டு ஆனவங்க. சம்பந்தம் பேசி முடிக்கும்போதே எனக்கு அந்த இடம் பிடிக்கல. ஊசி போட்டுப் போட்டு, மனுஷங்க எல்லாரும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டுத் திரியுற குணம். தட்டுல தேங்காய் ஒண்ணு குறையுதுன்னு எடுக்க வந்திருக்காங்க. மாப்பிள்ளையப் பெத்தவ, ஒரு ஆள அனுப்ப வேணாமா? தானே வந்து கொண்டியத் தொறக்குறதா?

நான் போறப்போ அந்தம்மா பட்டுப் புடவையோட தரையில மண்டி போட்டு உக்காந்திருக்கு. சீனியம்மாவ மல்லாக்கப் படுக்க வச்சாச்சு. அவ காலத் தூக்கிச் சீனி மூட்டை மேல வச்சிருக்கு. சீனி மூட்டை மேலம்மா, வேலைக்காரி கால. அவ கைய மேல தூக்கித் தன் தோள்ல தாங்கிக்கிட்டு, காயத்து மேல ரெண்டு உள்ளங்கையையும் வச்சு அமுக்கிக்கிட்டு இருக்கு. அமுக்குறதுன்னா, பரோட்டாக்காரன் மாவ அமுக்குற மாதிரி, உடம்பு பலத்த எல்லாம் போட்டு. என்னைப் பாத்த உடனே, ‘சுத்தமான துணி குடுங்க. சீக்கிரம்’ங்குது.

நான் பழைய புடவை ஏதாவது இருக்கான்னு தேடுறேன். அதுக்குள்ள அடுப்படியில இருந்து ஓடி வந்த கருத்தபாண்டி கை நீட்டி, சீர்த்தட்டுல மடிச்சு வச்சிருந்த வேட்டிய எடுத்துக் குடுத்துட்டான். எட்டு முழம், புதுசு, மாப்பிள்ளைக்கு மறுவீட்டுக்குன்னு வாங்கினது. அந்தம்மாவும் யாரு வேட்டின்னு பாக்கல. நாலா மடிச்சு காயத்துல வச்சு அமுக்குது. அது நனைஞ்சு சிவந்துச்சு. எடுத்துப் போட்டுட்டு வேற வைக்கும்னு பாத்தா, எடுக்கல. அது மேலயே இன்னொரு மடிப்ப வச்சு இன்னும் அமுக்குது. ‘எடுத்துப் பாத்தா உறைஞ்சது பிச்சுக்கிட்டு வரும். விடாம அமுக்கணும்’னு கருத்தபாண்டிக்குச் சொல்லிக் குடுக்குது. எனக்குச் சொல்லல. என்னைப் பாக்காம எனக்குக் கேக்குற மாதிரி சொல்லுது. அந்த ஜாடைப் பேச்செல்லாம் எனக்குத் தெரியாதா?

அப்புறம் ஒரு கேள்வி கேட்டுச்சு. ‘எவ்வளவு நேரமாச்சு?’

நான், ‘இப்பத்தான், ஒரு பத்து நிமிஷம் இருக்கும்’னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு நீ கேக்கலாம். என் தம்பியும் கேட்டான். அந்த நேரத்துல கையில கடிகாரமா கட்டியிருந்தேன்? கல்யாண வீட்டுல நேரம் ஓடுறது தெரியாது. ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன்.

அந்தம்மா பக்கத்துல கிடந்த சிவப்புத் துண்டை ஒரு கையால எடுத்து, என் கண்ணு முன்னாடி பிடிச்சு ஒரு பிழி பிழிஞ்சுது. தரையில சொளசொளன்னு ஊத்துச்சு. ‘பத்து நிமிஷமா?’ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட நானும் நாலு திட்டி இருப்பேன்.

அந்தத் துண்டு அவ்ளோ கனமா இருக்கும்னு எனக்குத் தெரியாது. சிவப்புத் துண்டுல என்ன தெரியும்? அப்புறமா நான்தான் அதைத் தண்ணியில அலசினேன், வேற யாரும் தொட மாட்டேன்னுட்டாங்க. நாலு வாளி. நாலாவது வாளியிலயும் தண்ணி தெளியல. கொஞ்ச நாளைக்கு எனக்குச் சோறு இறங்கல. பயம் இல்ல. வாடை. எனக்கு வாடைதான் ஆகாது.

இங்க கேளு, இனிமேத்தான் விஷயம். ஐயர் கெட்டிமேளம் சொல்லப் போறாரு. மாப்பிள்ளையோட அம்மாவக் காணோம். தேடிக்கிட்டு ஆள் வருது. நான், ‘சம்பந்தியம்மா, நீங்க போங்க, நான் அமுக்கிக்கிறேன்’னு சொன்னேன். நல்ல மனசோடதான் சொன்னேன். அந்தம்மா என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, வந்தவன்கிட்ட, ‘நேரம் தவற வேணாம், தாலியக் கட்டச் சொல்லு. கைய எடுத்தா இவங்க பொழைக்க மாட்டாங்க’ன்னுருச்சு. பெத்த ஒரே மகன். அவன் தாலி கட்டுறத அவன் அம்மா பாக்கல. ஸ்டோர் ரூம்ல உக்காந்துக்கிட்டு கெட்டிமேளத்தக் காதால கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே சீனியம்மா கன்னத்தத் தட்டி, ‘தூங்காத, கண்ணத் தொற, உனக்கு எத்தன பிள்ளைங்க, மூத்தது என்ன படிக்குது’ன்னு ஊர்க்கதை பேசிக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல எவளாவது பிள்ளைக் கணக்குக் கேப்பாளா?

அட்சதை போட நானும் ஓடினேன். பாதி தூரத்துலயே மேளம் நின்னுருச்சு. நானும் பாக்கல. இந்தச் சீனியம்மாவால நானும் பாக்கல. அதை யாரும் பேசுறதே இல்ல.

கருத்தபாண்டி போன் பண்ணி ஆம்புலன்ஸ் வந்துச்சு. நான் ஒரு மணி நேரமாப் பொத்திப் பொத்தி வச்சத, அந்தம்மா நடு மண்டபத்து வழியா, அறுநூறு பேரு பாக்க, ஸ்ட்ரெச்சர்ல ஊர்கோலமாக் கொண்டு போச்சு. காயத்துல வச்ச கைய எடுக்காம கூடவே நடந்து, வண்டியிலயும் ஏறிப் போயிருச்சு. மறுபடி வந்தது மத்தியானம் ரெண்டு மணிக்கு. பட்டுப் புடவை பூரா காபிப்பொடியும் ரத்தமும். மாத்திக்கிட்டு வந்து போட்டோவுல நில்லுங்கன்னா, ‘பரவால்ல’ன்னு அப்படியே நின்னுச்சு. எங்க கௌசல்யா என்ன பண்ணியிருக்கா தெரியுமா? ஆல்பத்துல எவ்வளவோ நல்ல படம் இருக்க, அந்தக் கறைப் புடவையோட மாமியார் நிக்கிற படத்தப் பெருசாக்கி, பிரேம் போட்டு, வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே தெரியுற மாதிரி மாட்டி வச்சிருக்காளாம். நான் கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வர்ற படம் ஒண்ணு இருக்கு. அது எங்க கிடக்கோ.

சீனியம்மா பொழைச்சுக்கிட்டா. அதான் பொழைச்சுக்கிட்டாளே, அப்புறம் என்ன? மூணு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்களாம். காயத்துக்குள்ள போன காபிப்பொடியக் கழுவி எடுக்கவே ரொம்ப நேரம் ஆச்சாம். டாக்டர், ‘எவன் இதைப் பண்ணினான்?’னு கேட்டாராம். எவன்னாம். பொம்பளை பண்ணியிருப்பான்னுகூட யோசிக்கத் தெரியாத டாக்டரு. அப்புறம் சீப்பிடிச்சு, மறுபடி அறுத்து, மூணு விரல் மடங்க மாட்டேங்குதாம். நரம்பு வெட்டுப்பட்டா மடங்காதுதான். அது அரிவாள் வெட்டினது. நானா வெட்டினேன்?

அன்னியில இருந்து என் தம்பி பேச்சக் குறைச்சுக்கிட்டான். தீபாவளிக்கு வரல. பொங்கலுக்கு நான் போனேன், தலையக் குனிஞ்சுக்கிட்டு, ‘வாக்கா’ன்னான், கடைக்குப் போயிட்டான். அவன் பொண்டாட்டி, ‘மனோன்மணி மதினி, சாப்பிடுங்க’ன்னு இலையப் போட்டுட்டு உள்ள போய் உக்காந்துக்கிட்டா. முன்னாடி எல்லாம் பக்கத்துல நின்னு பரிமாறுவா. ஆனா சீனியம்மா ஊருக்கு மட்டும் என் தம்பி மாசம் தவறாமப் போறானாம். அரிசி, பருப்பு மூட்டை கட்டிக்கிட்டுப் போறானாம். கூடப் பிறந்தவ வீட்டுக்கு வர பஸ் கிடைக்கல அவனுக்கு.

சரி, போவோம்னு இன்னிக்குக் காலையில கிளம்பினேன். கௌசல்யாவுக்காக. வேற யாருக்காகவும் இல்ல. அந்தப் பிள்ளை வயித்தத் தள்ளிக்கிட்டு நடக்குறத நான் இன்னும் கண்ணால பாக்கல. ஏழு மாசம் ஆச்சு. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கம் வரல. எங்க வீட்டுக்காரர், ‘நானும் வரவா?’ன்னாரு. ‘நீங்க வந்து என்னத்தக் கிழிக்கப் போறீங்க’ன்னுட்டு நான் மட்டும் வந்தேன்.

இருக்கன்குடி தாண்டி ஒரு கிராமம். பஸ் விட்டு இறங்கி ஒரு மைல் நடை, கருவேலங்காடு. வெயில் மண்டையப் பிளக்குது. விசாரிச்சுப் போனா ஒரு ஓட்டு வீடு. வாசல்ல ரெண்டு பொம்பளைங்க உக்காந்து புளி உடைச்சுக்கிட்டு இருக்காங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே நிறம், ஒரே மாதிரி வெளுத்த சேலை. ‘சீனியம்மா வீடு இதானே?’ன்னேன். ரெண்டு பேரும் நிமிந்து பாத்தாங்க.

எது சீனியம்மான்னு எனக்குத் தெரியல. தெரியாதுதான. கல்யாண வீட்டுல ஆயிரம் பேரப் பாக்குறோம். கையப் பாத்தேன். ஒருத்தி கொட்டைய எடுக்குறப்போ மூணு விரல் நட்டுக்கிட்டு நின்னுச்சு. அவளைப் பாத்து, ‘எப்படி இருக்க சீனியம்மா?’ன்னேன்.

அவ எந்திரிச்சா. சேலையில கையத் தொடைச்சுக்கிட்டா. ‘கையப் பாத்துத்தான் கண்டுபிடிச்சீங்களாம்மா?’ன்னு கேட்டா. கோவமாக் கேக்கல, சும்மாத்தான் கேட்டா. ‘அவ்ளோ நேரம் பக்கத்துலயே உக்காந்து பாத்தீங்களே.’

எனக்குச் சுருக்குன்னுச்சு. பொய் சொல்லுவானேன். ஆனா நான் விட்டுக் குடுக்கல. ‘காயத்துல கண்ணு வச்சிருந்தவளுக்கு மூஞ்சி எப்படித் தெரியும்?’னேன். சரிதானே? நீயே சொல்லு, காயம் கையில இருந்தா மூஞ்சிய எதுக்குப் பாக்கணும்?

உக்காரச் சொன்னா. பக்கத்து வீட்டுல நாற்காலி வாங்கிட்டு வந்து போட்டா. இடது கையால தண்ணி மொண்டு குடுத்தா. குடிச்சேன். அவ மக ஒண்ணு உள்ள உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்துச்சு, என்னைய நிமிந்துகூட பாக்கல. மன்னிப்புங்குற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. நெசமா வந்துச்சு. வளையல் போட்ட கௌசல்யா கைய நெனச்சுக்கிட்டேன். சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன். அந்த இன்னொருத்தி புளி உடைக்கிறத நிறுத்திட்டு என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கா. அவ முன்னாடி எப்படிச் சொல்றது? நான் என்ன கொலையா பண்ணினேன்? ‘வெயில் ஜாஸ்தியா இருக்கு’ன்னேன். ‘ஆமாம்மா’ன்னா.

கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிச்சேன். வந்தாச்சு, பாத்தாச்சு, அவ வீட்டுத் தண்ணியையும் குடிச்சாச்சு. இதுக்கு மேல என்ன மன்னிப்பு வேணும்? ‘தனுஷ்கோடிகிட்ட போன்ல சொல்லிரு, நான் வந்து பாத்துட்டுப் போனேன்னு. இன்னிக்கே சொல்லிரு’ன்னேன்.

‘சொல்றேம்மா’ன்னா. சொல்லிட்டு நிக்கிறா. அப்புறம் கேக்குறா, ‘யாரு வந்தாங்கன்னு சொல்லட்டும்? நீங்க அவங்களுக்கு என்ன வேணும்மா? உங்க பேரு என்ன?’

கேட்டியா? ஒரு மணி நேரம் அவ பக்கத்துலயே உக்காந்து பாத்திருக்கேன். என் கையால காபி கலந்து குடுத்திருக்கேன். முதல் தரக் காபிப்பொடிய அள்ளி அள்ளி வச்சிருக்கேன். நான் யாருன்னு தெரியாதாம் அவளுக்கு. என் பேரு தெரியாதாம். தனுஷ்கோடிக்கு ஒரு அக்கா இருக்கான்னே தெரியாதாம். மாசா மாசம் போறானே என் தம்பி, ஒரு தடவகூட சொல்லல போலருக்கு. ஒரு மனுஷி பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டா, அவ யாரு, பேரு என்னன்னு தெரிஞ்சு வச்சுக்க மாட்டாளா ஒருத்தி? இந்த மாதிரி ஆளுங்ககிட்ட எல்லாம் என்னத்த மன்னிப்புக் கேக்குறது.

பேரச் சொல்லல. வந்துட்டேன். எனக்கு வேற வேலை இல்லையா, அவ கேட்டான்னு என் பேரச் சொல்லிக்கிட்டு நிக்க. சாத்தூர்ல இறங்கி தம்பி வீட்டுக்கே போயிருக்கலாம். இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுல அரை மணி நேரம் நின்னேன். அப்புறம் இந்த பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.

சாயங்காலம் என் தம்பி அவளுக்குப் போன் பண்ணுவான். எங்க அக்கா வந்தாளான்னு கேப்பான். அவளும் நெனச்சு நெனச்சுப் பாத்துட்டு, யாரோ ஒரு அம்மா வந்து தண்ணி குடிச்சுட்டுப் போனாங்கன்னு சொல்லுவா.